தோண்டிய மண் லாரியில் போகுது... செங்கல் லாரியில் வருது! தேனாம்பேட்டையில் மண்கல் மிஷின் எடுபடுமா?

சென்னை: தேனாம்பேட்டை உள் தெருக்களில் பழைய வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டும் வேலை ஓய்ந்தபாடில்லை. அஸ்திவாரத்துக்கும் கார் பார்க்கிங்குக்கும் தோண்டிய மண்ணை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதற்கு ஒரு வாடகை. அதே மனைக்கு செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கமிருந்து செங்கல் வந்து இறங்குகிறது. அதற்கும் ஒரு வாடகை. இரண்டையும் கட்டுவது கடைசியில் வீட்டுக்காரர்தான்.

தோண்டிய மண்ணையே அங்கேயே கல்லாக அடித்துவிட்டால் என்ன என்ற கேள்வி புதிதல்ல. 1950-களில் தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் ரௌல் ராமிரெஸ் என்ற என்ஜினீயர் இதற்காகவே கையால் இழுக்கும் ஒரு பிரஸ்ஸை உருவாக்கினார். 'சின்வா ராம்' என்று அதற்குப் பெயர். ஈர மண்ணுடன் கொஞ்சம் சிமெண்ட் கலந்து பெட்டியில் போட்டு, நீளமான கைப்பிடியை இழுத்தால் அழுத்திய கல் வெளியே வரும். சூளை கிடையாது, விறகு கிடையாது, புகை கிடையாது.

மிஷின் எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தேனாம்பேட்டையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக சுமார் 150 கி.மீ. போனால் ஆரோவில். 1989-ல் மத்திய அரசின் ஹட்கோ உதவியுடன் அங்கே தொடங்கிய மையம்தான் இன்று ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட். அவர்கள் வடிவமைத்த 'ஆரம் 3000' பிரஸ்ஸை ஆரோவிலில் உள்ள 'ஆரேகா' பட்டறை செய்கிறது. வெளிநாடுகளுக்கும் போகிற மிஷின் இது. அச்சை மாற்றிப் போட்டால் முழுக்கல், அரைக்கல், கம்பி விடத் துளை வைத்த கல் என்று பல வகை அடிக்கலாம். மிஷினோடு பயிற்சியும் அங்கேயே உண்டு. இந்தக் கற்களால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது.

பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' குழுவும் 1970-களிலிருந்தே இதில் இறங்கியது. அந்த ஊரில் அடித்தளம் தோண்டிய மண்ணிலேயே கல் அடித்து வீடு கட்டும் வழக்கம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத் இதில் பெயர் பெற்றவர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

வில்லன் மண்தான்

பெங்களூரு செம்மண் பூமி. சென்னை கதை வேறு. அண்ணா சாலைக்கு மேற்கே ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. அதைத் தூர்த்துதான் 1920-களில் தி.நகர் உருவானது. ஏரி களிமண் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சிமெண்ட் கலந்து அடிக்க நல்ல மண் என்றால் பாதிக்குப் பாதி மணல் இருக்க வேண்டும், களிமண் ஐந்தில் ஒரு பங்கு போதும். களி அதிகமானால் மணலோ கல் தூளோ வாங்கிக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு. மணல் விலைக்கு வாங்கினால் 'ஓசி மண்' கணக்கு அங்கேயே அடிபடுகிறது.

நகரத்துக்குள் இன்னொரு வம்பு. மேலே நாலைந்து அடிக்கு இடிபாடும் பிளாஸ்டிக்கும்தான் கிடக்கும். அதை வைத்து கல் அடிக்க முடியாது. ஆனால் மனைக்கு மனை மண் மாறும் என்பதால் பார்க்காமல் முடிவு கட்டவும் முடியாது. ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: மணல் உடனே அடியில் தங்கும், களி மணிக்கணக்கில் கலங்கலாக நிற்கும். காசு செலவில்லாத சோதனை. அது சரிப்பட்டால் லேபுக்குப் போகலாம்.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

24 செ.மீ. சதுரம், 9 செ.மீ. உயரமுள்ள ஒரு கல், அளவில் சாதாரண செங்கல் இரண்டரைக்கு மேல் சமம். எடை சுமார் 10 கிலோ. 5 சதவீதம் சிமெண்ட் என்றால் ஒரு மூட்டைக்கு நூறு கல் வரும். ஏழெட்டுப் பேர் நின்றால் கை மிஷினில் ஒரு நாளைக்கு ஆயிரம் கல் வரை அடிக்கலாம். அதற்கு சுமார் 3 யூனிட் மண் வேண்டும்.

1,600 சதுர அடி சுவருக்கு ஏறக்குறைய 6,000 கல். அதாவது ஆறேழு நாள் வேலை. அதன்பிறகு மிஷின் சும்மா கிடக்கும்! ஒரு வீட்டுக்காக மிஷின் வாங்குவது கட்டுப்படியாகாது என்பது இதில்தான் தெரிகிறது. வாடகைக்கு எடுக்கணும், அல்லது ஒரு மேஸ்திரி கையில் இருந்து பல சைட்டுக்குப் போகணும்.

அடுத்த தலைவலி இடம். அடித்த கல்லை உடனே வைத்துக் கட்ட முடியாது. முதல் இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு நாலு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆறாயிரம் கல்லை எட்டு அடுக்காக அடுக்கினாலே 450 சதுர அடிக்கு மேல் போய்விடும். அரை கிரவுண்ட் மனையில் பள்ளமும் தோண்டி, கம்பியும் இறக்கி, கல்லையும் எங்கே வைப்பது? பிளாட்பாரத்தில் வைத்தால் மாநகராட்சி சும்மா விடுமா?

உயரக் கட்டடத்துக்கு இது இன்னும் இடிக்கும். பில்லர் போட்டுக் கட்டும் அபார்ட்மெண்டில் சுவர் வெறும் தடுப்புதான். அங்கே ஏ.ஏ.சி. கல் இதைவிட மூன்றில் ஒரு பங்கு எடையில் வருகிறது. சாம்பல் கல்லுக்கோ 1999-லிருந்தே மத்திய அரசின் கட்டாய உத்தரவு துணை நிற்கிறது. எண்ணூர் பக்கம் சாம்பலுக்கும் பஞ்சமில்லை. மண்கல்லுக்கு அப்படி எந்த உத்தரவும் கை கொடுக்கவில்லை.

ஆனால் 'மண் வீடு, மழையில் கரைந்துவிடும்' என்ற பேச்சு தப்பு. சிமெண்ட் கலந்து அழுத்தி, ஒழுங்காகத் தண்ணீர் காட்டிய கல் கரையாது. ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தர அளவுகோலே இதற்கு உண்டு. 2013-ல் அது திருத்தப்பட்டது. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அடிமட்டச் சுவரை மட்டும் கருங்கல்லிலோ கான்கிரீட்டிலோ உயர்த்திவிட்டு மேலே மண்கல் வைப்பதே புத்திசாலித்தனம்.

ஆக, தேனாம்பேட்டையில் இதற்கு வாய்ப்பு காம்பவுண்ட் சுவர், தரைத்தளத்தோடு ஒரு மாடி வீடு, ஸ்கூல் வளாகம் போன்ற இடம் உள்ள மனைகளில்தான். அதற்கும் மிஷினைத் தேடும் முன் மண்ணைத் தேட வேண்டும். பாட்டில் சோதனையில் தேறிய மண் என்றால், ஆரோவிலுக்கு ஒரு பை மண்ணோடு போய்ப் பேசிவிட்டு, பிறகு லாரிக்காரருக்கு போன் போடுவது நல்லது.