மானியத்தில் தோட்டத்தின் பங்கு

பல்கலைக்கழகமும் சமூகமும் கைகோர்த்து நடத்துவதாகச் சொல்லும் மானிய முன்மொழிவு ஒன்று கையில் கிடைத்தால், நோக்கங்களை விட்டுவிட்டுப் பாதீட்டுப் பக்கத்தை முதலில் பாருங்கள். ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் இருக்கும். மடிகணினி, போக்குவரத்து, ஹோட்டலில் ஒருநாள் செயலமர்வு, அறிக்கை அச்சிடும் செலவு எல்லாம் இருக்கும். கொழும்பின் கொட்டாஞ்சேனையில், தோட்டம் என்று அழைக்கப்படும் குறைந்த வருமானக் குடியிருப்பொன்றில் எங்கள் மாணவர்களை வீடு வீடாகக் கூட்டிச்சென்று அறிமுகம் செய்துவைக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு வரி இருக்காது. தோட்டத்துச் சங்கம் தருவது ஒரு சம்மதக் கடிதம். அதையும் பெரும்பாலும் நாமே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிறோம்.

இதைப் பங்காண்மை என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். இல்லையேல் பணம் போகும் பாதையை மாற்ற வேண்டும். இந்த இதழ் கேட்பது இரண்டாவதை.

தோட்டத்துச் சனங்களிடம் பொதுப் பணத்தைக் கொடுத்தால் கணக்குக் காட்டமாட்டார்கள் என்ற பேச்சு நிதிப் பிரிவுகளில் அடிக்கடி காதில் விழுகிறது. அதற்கான மறுப்பு கொழும்பின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1970களின் இறுதியில் யுனிசெப் உதவியுடன் மாநகர சபை தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபைகளை அமைக்கத் தொடங்கியது. 1984இல் அன்றைய பிரதமர் பிரேமதாசவின் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் வந்தபின், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை இத்தகைய சபைகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தது. வடிகால், நடைபாதை, பொதுக் கிணறு, மலசலகூடம், சிறு மண்டபம் போன்ற வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல், அங்கே குடியிருப்போரின் சபைக்கே கொடுத்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீட்டில் உதவினார். முற்பணம் கிடைத்தது, வேலை நகர நகர மீதியும் வந்தது. மிச்சம் பிடித்த காசு சபையின் நிதியில் சேர்ந்தது. வழக்கமான கேள்விப்பத்திர நடைமுறை இதற்கு இடம் தரவில்லை. ஆகவே நடைமுறையைத் தளர்த்தினார்கள். அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எமக்குத் தேவையில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கோதெர்ட்டும் நபீல் ஹம்டியும் அதிகார சபையோடு சேர்ந்து சமூகச் செயற்றிட்டப் பட்டறைகளை வடிவமைத்தார்கள். 1988இல் வெளிவந்த அவர்களது நுண்திட்டமிடல் கைநூல் இந்த அனுபவத்தில் விளைந்தது. குடியிருப்போர் தம் பிரச்சினைகளை வரிசைப்படுத்துவார்கள். எதை முதலில் செய்வது, யார் செய்வது, எப்போது செய்வது என்பதெல்லாம் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்போதே முடிவாகும். அந்தப் பட்டறை பயன்பட்டதற்கு முறையியல் மட்டும் காரணமல்ல. முடிவெடுத்த சபையின் கைக்கே வேலையும் காசும் வரும் வழி திறந்திருந்தது. இன்று நாம் அந்தப் பட்டறையைப் பாடத்திட்டத்தில் வைத்துக் கற்பிக்கிறோம். காசு வந்த வழியைக் கற்பிப்பதில்லை.

பின்னர் உயர்கல்விக்குள் பெரும் பணம் வந்தது. உலக வங்கிக் கடனில் 2003இலும் 2010இலும் திட்டங்கள் வந்தன. 2017இல் தொடங்கிய ‘அஹெட்’ திட்டத்துக்கு மட்டும் 10 கோடி டொலர். போட்டி முறையில் துறைகளுக்கும் ஆய்வாளருக்கும் மானியம் கிடைத்தது. பல்கலைக்கழக வணிக இணைப்புப் பிரிவுகளும் வளர்ந்தன. அவற்றால் நன்மை உண்டு. ஆனால் கம்பனிக்காரர் எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிந்திருக்கும் அளவுக்கு, முகத்துவாரத்திலிருந்து வரும் ஒரு சங்கச் செயலாளர் அறிந்திருக்கிறாரா?

அந்தக் கதவைச் சமூகத்துக்கும் திறப்பது எப்படி? அமெரிக்க வீடமைப்புத் திணைக்களம் 1994இல் தொடங்கிய, பல்கலைக்கழகங்களின் சமூகப் பங்காண்மை மையங்களுக்கான மானியத்தில் எமக்கு ஏற்ற இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஆய்வுக்கான செலவு மொத்தத்தின் கால் பங்கைத் தாண்டக்கூடாது. சமூகத்தவரைக் கொண்ட ஆலோசனைக் குழு கட்டாயம். 2000களின் நடுப்பகுதியில் நிதி வற்றியபோது பல இடங்களில் வேலையும் தளர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. நிபந்தனை நன்றாக இருந்தாலும் காலம் நீடிக்க வேண்டும். களுத்துறையில் 1926இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு தொடங்கிய சுகாதாரப் பிரிவு இன்றும் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமாகப் பயிற்சி தருகிறது. ஒரே நிலப்பரப்பை விட்டு நகராததே அதன் பலம். எமது மானியங்களோ பன்னிரண்டு மாதத்தில் கதவைச் சாத்திக்கொள்கின்றன.

நடைமுறையில் முதலில் அவிழ்க்கவேண்டிய முடிச்சு நிதியாளர் அலுவலகத்தில் இருக்கிறது. முதலில் செலவழியுங்கள், பற்றுச்சீட்டைக் கொண்டுவாருங்கள், மீளளிக்கிறோம் என்பது விதி. மாதச் சம்பளம் வாங்கும் விரிவுரையாளருக்கே அது சிரமம். நாட்கூலிக்குப் போகும் ஒருவர் கூட்டத்துக்காக அன்றைய கூலியை இழந்து, தேநீருக்கும் தன் கைக்காசைப் போட்டு, பல வாரம் காத்திருக்க முடியாது. சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு முற்பணம் போகவேண்டும். மரண உதவிச் சங்கங்களை ஆண்டுக்கணக்காகச் சந்தாப் பணத்தில் நடத்திவரும் மக்கள் அவர்கள். பற்றுக் கொப்பி எழுதத் தெரியாதவர்களல்லர்.

வெள்ளவத்தையில் வேறு சிக்கல். அங்கே தோட்டச் சங்கம் என்று சொல்லக்கூடிய அமைப்பு எல்லா ஒழுங்கைகளிலும் இல்லை. கால்வாய் ஓரக் குடியிருப்புகளும் அடுக்குமாடிகளும் அருகருகே இருக்கின்றன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, மாடியில் தனியே வாழும் முதியவரும் அந்தச் சமூகத்தவரே. யாரிடம் கையெழுத்து வாங்கினால் அது எல்லோரையும் குறிக்கும்? அடுக்குமாடி முகாமைத்துவக் குழுவா, கோயில் அறங்காவலரா, 1942இல் தோன்றிய தமிழ்ச் சங்கமா? ஒருவரைத் தெரிந்தெடுப்பது எளிது. தவறும் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு, யார் யாரைக் குறிக்கிறார் என்று கண்டறிவதற்கென்றே சிறு மானியம் தரவேண்டும். அந்தக் காலத்தில் கட்டுரையும் கேட்கக்கூடாது, தரவும் கேட்கக்கூடாது.

அடுத்த இதழிலிருந்து, சமூகப் பங்காண்மை பற்றிக் கட்டுரை அனுப்புவோரிடம் மூன்று விபரங்களைக் கேட்போம்: மானியத்தில் எத்தனை வீதம் சமூக அமைப்பின் கணக்குக்குச் சென்றது, முடிவுகள் அந்த மக்களுக்கு அவர்களது மொழியில் எப்போது, எங்கே சொல்லப்பட்டன, அவர்கள் எதை மறுத்தார்கள். இவை கட்டுரையோடு சேர்த்து அச்சிடப்படும். முதலாவது கேள்விக்கான பதில் பூச்சியமாக இருந்தாலும் கட்டுரையைத் திருப்பி அனுப்பமாட்டோம். அந்தப் பூச்சியத்தையும் அச்சிடுவோம்.