பாதை ஒன்று; ஆட்சி மூன்று!

விழுப்புரத்திற்கும் புதுவைக்கும் இடையே வளவனூர் வழியே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது 1879-ஆம் ஆண்டில். அன்று இப்பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. அப்பக்கம் பிரெஞ்சியர் ஆட்சி. ஒருவரோடொருவர் போரிட்ட வரலாறுடைய அவ்விரு வல்லாண்மையரும், தம் வணிக ஊதியம் கருதியேனும் கூடிப் பேசி, எல்லை கடந்து ஒரே பாதை அமைத்தனர்.

இன்றோ இருபுறமும் வாழ்வோர் தமிழர். பேசுவது ஒரே மொழி. எனினும், வளவனூரிலிருந்து புதுவைக்குப் படிக்கவும் உழைக்கவும் செல்வோர் நிலை என்ன? தொடர்வண்டிக்குக் காலம் வரைவது நடுவணரசு. பேருந்து விடுவது தமிழக அரசு. எல்லைக்கப்பால் பொறுப்பு புதுவை அரசினது. மூன்றையும் இணைக்கும் ஒரே பயணச்சீட்டு இல்லை.

சென்னைப் பெருநகர்க்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-இல் சட்டம் இயற்றப்பெற்றது. அத்தகு ஏற்பாடு தலைநகரத்தார்க்கு மட்டுமே உரியதா? பேரூராட்சியில் வாழ்வோரின் பொழுது பொழுதன்றோ? சாலையை அகலப்படுத்துதல் ஊர்தி உடையார்க்கு உதவும். ஊர்தி இல்லார்க்கு வேண்டுவது, தொடர்வண்டி வந்து நிற்கும் வேளையில் பேருந்தும் காத்து நிற்கும் காலவரைவே.

மூன்று அரசும் ஓரவையில் அமர்ந்து இதனை வகுத்தல் வேண்டும். அயலார் இருவர்க்கு அன்று இயன்றது, மக்களாட்சி என்று மார்தட்டுவோர்க்கு இன்று இயலாதா?