ஓபி வரிசையில ஒரு ஜோக்

1/ ஏலக்காய் சீசன். போடி பக்கம் அரசு ஆஸ்பத்திரி ஓபி கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும்ல? மேல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்ல வேலைக்குப் போற ஒரு அக்கா, வரிசையில நின்னுக்கிட்டே சத்தமா சொன்னாங்க: "டாக்டர் பாக்குறதுக்குள்ள தலைவலி தானா போயிரும். அதான் இங்க வைத்தியமே!" மொத்த வரிசையும் சிரிச்சுது.

2/ எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "தானா போயிரும்னா எதுக்கு வந்தீங்க?" சிரிப்பு நின்னுபோச்சு. அப்புறம் நான் கேட்ட எல்லாத்துக்கும் ஒரே பதில்: "இல்ல சார்." மாத்திரை எழுதி அனுப்பிட்டேன்.

3/ அன்னிக்கு நைட் டூட்டியும் நான்தான். அதே அக்கா. வாந்தி, வேர்வை, வாயில எச்சில், கண்பாப்பா ஊசிமுனையா சுருங்கியிருக்கு. பூச்சிமருந்து விஷம். முந்தின நாள் மருந்து அடிச்ச தோட்டத்துல காய் எடுத்திருக்காங்க, மாத்தாத அதே சேலையோட. பிழைச்சுட்டாங்க. "காலையிலயே ஏன்க்கா சொல்லல?" "நீங்க கோவமா இருந்தீங்கல்ல சார்."

4/ இதைச் சொல்றப்ப சிறுமலை வழக்கு ஞாபகம் வருது. 2021-ல வாடிப்பட்டிக்காரர் ஒருத்தர், சிபிஐ (எம்.எல்.) நிர்வாகி, குடும்பத்தோட சிறுமலைக்கு டூர் போனார். துப்பாக்கிப் பயிற்சிக்குப் போறதா ஃபேஸ்புக்ல ஒரு கிண்டல் வரி போட்டார். போலீஸ் போட்ட வழக்குல, அரசுக்கு எதிரா போர் தொடுக்க ஆயுதம் சேர்க்கிற பிரிவும் இருந்தது!

5/ ரிமாண்ட் பண்ண மாஜிஸ்திரேட் மறுத்துட்டார். டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் எஃப்ஐஆரையே ரத்து செஞ்சார். அரசியல் சாசனக் கடமைகள் பட்டியல்ல சிரிக்கிறதையும் சேர்க்கலாம்னு தீர்ப்புலயே வேடிக்கையா எழுதினார்.

6/ போலீஸைப் பார்த்துச் சிரிக்கிறது சுலபம். 2017-ல 'மெர்சல்' வந்தப்ப டாக்டர்கள் நாங்க என்ன பண்ணோம்? படத்தைப் புறக்கணிக்கச் சொன்னோம். திருட்டு பிரிண்ட் லிங்க்கைக்கூட சிலர் ஷேர் பண்ணாங்க. அப்ப ஹவுஸ் சர்ஜனா இருந்த நானும் கொதிச்சேன். படத்துக்குத் தடை கேட்ட மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செஞ்சது.

7/ "அப்ப எந்த ஜோக்கும் தப்பில்லையா?"னு கேப்பீங்க. தப்பு இருக்கு. விஷம் குடிச்சு வந்தவங்களைப் பார்த்து வார்டுல அடிக்கிற கமெண்ட் இருக்கே, அது நகைச்சுவை இல்ல. மூக்குல ட்யூபோட கிடக்குறவங்க திருப்பி என்ன சொல்ல முடியும்? அதுக்கும் எஃப்ஐஆர் வேண்டாம். கூட நிக்கிற நாம சிரிக்காம, "நிறுத்துங்க"ன்னு சொன்னா போதும்.

8/ நான் பார்க்கிறது ஒண்ணுதான்: திருப்பிப் பேச முடியாதவர் யாரு? வரிசையில அது அந்த அக்கா. சீட்டு, ஊசி, அட்மிஷன் எல்லாம் என் கையில. அவங்ககிட்ட இருந்தது ஒரு ஜோக் மட்டும்தான். அதையும் பிடுங்கினேன், கூடவே அவங்க நோயைப் பத்தின தகவலும் போயிருச்சு.

9/ உங்களுக்கும் இது பொருந்தும். நீங்க கங்காணியோ, வாத்தியாரோ, மேனேஜரோ, வீட்டுக்குப் பெரியவரோ, உங்க முன்னாடி யாரும் கிண்டலே பண்றதில்லைன்னா அதை மரியாதைன்னு நினைச்சுடாதீங்க. உங்ககிட்ட வேற என்னெல்லாம் சொல்லாம விடுறாங்கன்னு யோசிங்க.

10/ இப்பவும் வரிசையில கிண்டல் கேட்கும். இப்பவும் சுர்ருங்கும். சிரிச்சுட்டு, தோட்டத்துல இருந்து வர்றவங்ககிட்ட முதல்ல கேக்குறது இதான்: "மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"