ஆடுதுறையா? அகழ்குழியா?

ஆறு தமிழர்க்கு நீர்வழி மட்டுமன்று; ஊர்கூடி மகிழும் பொதுவிடமும் ஆகும். பரிபாடலில் இன்று கிடைக்கும் 22 பாடல்களுள் 8 வையைக்கு உரியன. புதுப்புனல் வரவு கேட்டு மதுரை மக்கள் ஆற்றுக்கு விரைந்து நீராடிக் களித்த களிப்பையே அவை பெரிதும் பாடுகின்றன. ஆற்று நிலத்தின் ஒவ்வொரு கூற்றிற்கும் தமிழில் தனித்தனிப் பெயருண்டு. நீர் கொழித்த மணல்மேடு எக்கர், நுண்மணல் அயிர், ஆற்றிடைத் திட்டு துருத்தி அல்லது அரங்கம், மக்கள் இறங்கி நீராடும் இடம் துறை. திருவரங்கமும் ஆடுதுறையும் மயிலாடுதுறையும் அச்சொற்களைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்கின்றன.

இத்துணைப் பெயரிட்டுப் போற்றிய மணலுக்குச் சட்டம் இட்ட பெயர் ஒன்றே. 1957-ஆம் ஆண்டின் ஒன்றியக் கனிமச் சட்டம் கட்டட வேலைக்குரிய பொதுமணலைச் 'சிறுகனிமம்' என வகுத்தது. கனிமம் என்று எழுதப்பட்டவுடன் மணல் அகழ்தற்குரிய பொருளாயிற்று. கன அளவும் விலையும் பெற்றது. மக்கள் கூடும் துறைக்கு அக்கணக்கில் இடமில்லை. 2003-இல் தனியார் குத்தகையை நீக்கித் தமிழ்நாட்டரசே மணல் எடுக்கும் பொறுப்பை ஏற்றது. அள்ளும் ஆள் மாறினானேயன்றி, ஆற்றை விற்பனைக் கிடங்காகக் காணும் நோக்கு மாறவில்லை.

மணல் ஆற்றின் உடல். வெள்ளக் காலத்தில் நீரை உள்வாங்கி, கோடையில் ஊற்றாகவும் கிணற்று நீராகவும் திருப்பித் தருவது அதுவே. அளவிறந்து அள்ளின் ஆற்றுமட்டம் தாழும். வாய்க்கால் தலைப்பு மேலே நிற்க, நீர் கீழே ஓடும். பாலத் தூண்களின் அடி வெளிப்படும். 2018 ஆகசுட்டில் கொள்ளிடத்தின் பழைய பாலத் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் நாள், 1836-இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மிகுதியான மணற்கொள்ளையும் இவற்றிற்குக் காரணமென உழவர் அன்றே உரைத்தனர்.

பொருட்கேடு இது, உயிர்க்கேடும் உண்டு. ஆடிப்பதினெட்டன்று காவிரிக்கரை மக்கள் காதோலை கருகமணியும் முளைப்பாரியும் கட்டுச்சோறும் கொண்டு துறைக்கு வருகின்றனர். புதுமணப் பெண்டிர் மஞ்சட்கயிறு மாற்றுகின்றனர். சிறுவர் சப்பரம் இழுக்கின்றனர். முன்னாளில் ஆற்றின் அடி சரிந்து சரிந்து ஆழ்ந்தது; குழந்தையும் தன் அளவறிந்து நிற்கலாம். இன்று இயந்திரம் தோண்டிய குழி கலங்கல் நீரின்கீழ் மறைந்து கிடக்கின்றது. ஓரடி முழங்காலளவு, அடுத்த அடி ஆளுயரத்திற்கும் மேல். நீராடச் சென்ற பிள்ளை திரும்பாத வீட்டில், மணல் விற்ற வருவாயை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஆற்று நிலத்தை மக்களின் இன்பத்திற்கென ஒதுக்கிச் சுரங்கத்தை விலக்குதல் நடவாத செயலன்று. அமெரிக்காவில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம், நடுவணரசு நிலங்களில் கனிமம் தேடுவோர்க்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. அந்நாடே 1968-இல் வேறொரு சட்டம் இயற்றி, தலைசிறந்த ஆறுகளை இன்றைய தலைமுறைக்கும் வருந்தலைமுறைக்கும் உரியவையாகக் காக்க முற்பட்டது. தொடக்கத்தில் எட்டு ஆறுகள் அதன்கண் அடங்கின. அச்சட்டத்தில் காட்டாறென வகுக்கப்பட்டவற்றின் படுகையிலும், இருகரையிலும் கால்மைல் தொலைவுக்குள்ளும் உள்ள நடுவணரசு நிலங்களில் புதிதாகச் சுரங்க உரிமை கொள்ளல் தடுக்கப்பட்டது. ஆயின் முன்னரே பெற்ற உரிமைகளை அது பறிக்கவில்லை. இதனுள் ஒரு படிப்பினை உண்டு: அகழும் உரிமையைக் கொடுத்தபின் மீட்பது அரிது, கொடுக்குமுன் விலக்குவதே அறிவுடைமை.

வீடு கட்ட மணல் வேண்டாவோ எனக் கேட்பர். வேண்டும், ஏழையின் வீட்டிற்கும் வேண்டும். ஆறு ஆண்டுதோறும் கொணர்வதற்குமேல் அள்ளற்க என்பதும், மக்கள் கூடும் துறைகளில் அறவே அள்ளற்க என்பதுமே கோரிக்கை. கல்லை நொறுக்கிச் செய்யும் மணலே தீர்வென்பார், ஆற்றைக் காக்க மலையை அழிக்கின்றோமா என்றும் எண்ணிப் பார்க்க.

சிறுகனிமங்கட்கு விதி வகுக்கும் உரிமையை 1957-ஆம் ஆண்டுச் சட்டமே மாநில அரசுக்கு வழங்கியுள்ளது. தமிழ்நாட்டின் சிறுகனிம விதிகள் 1959-இலிருந்து நடைமுறையில் உள்ளன. ஆகலின் தில்லியின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வழிவழியாக மக்கள் நீராடும் துறைகளை ஊர்தோறும் கணக்கெடுக்க. அவற்றின் மேலும் கீழும் எல்லைக்கல் நட்டு, அவ்வெல்லைக்குள் அகழ்வை என்றைக்கும் விலக்கி விதி செய்க. எல்லையை ஊரவையின் இசைவின்றி மாற்றற்க. அவ்விடம் செல்வர்க்கு உல்லாச விடுதி கட்டும் மனையாகவும் ஆகற்க. நிழல்மரமும் படித்துறையும் தூய நீரும் போதும்.

வருவாய்க் கணக்கில் ஆறு 'புறம்போக்கு'. அச்சொல்லுக்கு எவர்க்கும் உரித்தன்று என்று பொருள்கொண்டு அள்ளுகின்றனர். அனைவர்க்கும் உரித்து என்பதே அதன் பொருள் என்பதைத் துறைதோறும் எல்லைக்கல் நட்டு நிலைநாட்டல் வேண்டும். அடுத்த ஆடிப்பெருக்கிற்குள் முதற்கல் நடப்படுமாறு ஊரவைகள் தீர்மானம் நிறைவேற்றுக.