ஆதரவுக்கு ஐந்தாண்டு எல்லை தகுமா?

அவுஸ்திரேலியாவில் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் மாதம் 21 ஆம் திகதி நல்லிணக்க தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. 1999 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் இத்தினத்தில் பாடசாலைகளிலும் நகரசபை மண்டபங்களிலும் பல இனத்தவரின் உடைகள், உணவுகள், நடனங்கள் ஆகியன காட்சிக்கு வருகின்றன. எம்மவர் பிள்ளைகளின் பரதநாட்டியமும் எமது பெண்கள் சுட்டுக் கொடுக்கும் தோசையும் வடையும் அங்கு பெரும் வரவேற்பைப் பெறுகின்றன. இது மகிழ்ச்சிக்குரிய விடயமே. எனினும் ஏனைய நாடுகளில் இதே தினம் இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. 1960 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில் நகரில் கறுப்பின மக்கள் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டதை நினைவூட்டும் தினம் அது. உரிமைக்கான ஒரு தினம் உணவுக்கும் உடைக்குமான தினமாக மாறிவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பானதே.

பன்முகக் கலாசாரக் கொள்கையின் உண்மையான பெறுமதியை அறிய விரும்புவோர் விழா மேடைகளை மாத்திரம் பார்த்தல் போதாது. சிட்னியின் மேற்குப் புறத்திலுள்ள பிளக்டவுன், பரமட்டா, மெல்பேர்ணின் தென்கிழக்கிலுள்ள டண்டினோங் போன்ற நகரங்களில் இயங்கிவரும் குடிவரவாளர் வள நிலையங்களுக்கும் பன்முகக் கலாசார நிலையங்களுக்கும் ஒரு சாதாரண வார நாளில் சென்று பார்த்தல் வேண்டும். ஓர் அறையில் ஆங்கில உரையாடல் வகுப்பு நடைபெறும். இன்னோர் அறையில் தாய்மார் தமது குழந்தைகளுடன் கூடியிருப்பர். அரச கொடுப்பனவுக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு ஒருவரும், குடியுரிமைப் பரீட்சைக்குத் தயாராவதற்கு ஒருவரும், தொழில் தேடும் முயற்சியில் வழிகாட்டல் பெறுவதற்கு ஒருவரும் காத்திருப்பர். குடும்ப வன்முறையிலிருந்து தப்பிவந்த ஒரு பெண் தனது துயரத்தை முதன்முறையாகப் பிறரிடம் எடுத்துரைக்கும் இடமாகவும் இத்தகைய நிலையம் அமைந்துவிடுவதுண்டு. இவை எவையும் புகைப்படமாகப் பத்திரிகைகளில் வெளிவருவதில்லை. ஆயினும் புதிய நாடொன்றில் கால்பதித்த மனிதருக்கு இவையே உண்மையான வரவேற்பாகும்.

இந்நிலையங்கள் ஒரே நாளில் தோன்றியவையல்ல. 1901 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மூலம் வெள்ளையரல்லாதோருக்குத் தனது கதவை அடைத்த நாடு அவுஸ்திரேலியா. அதற்கு அந்நாடு பயன்படுத்திய கருவி மொழியே என்பது இன்று பலரும் மறந்துவிட்ட உண்மையாகும். வந்திறங்கும் ஒருவர் ஐரோப்பிய மொழியொன்றில் சொல்வதெழுதுதல் பரீட்சைக்கு உட்படுத்தப்படலாம் என அச்சட்டம் கூறியது. எந்த மொழி என்பதைத் தீர்மானிப்பவர் அதிகாரியே. எனவே, வேண்டப்படாதவர் எவ்வளவு படித்தவராக இருப்பினும் அவரைத் தோல்வியுறச் செய்வது எளிதாக இருந்தது. 1958 ஆம் ஆண்டிலேயே அப்பரீட்சை கைவிடப்பட்டது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையின் இறுதி எச்சங்கள் 1973 இல் விட்லம் அரசாங்கத்தினால் அகற்றப்பட்டன.

அதே 1973 ஆம் ஆண்டிலேயே தொலைபேசி மூலமான உரைபெயர்ப்புச் சேவையும் அங்கு ஆரம்பிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. 1978 இல் சட்டத்தரணி பிராங்க் கல்பலி தலைமையிலான குழு, குடிவரவாளருக்கான சேவைகள் தொடர்பான தனது அறிக்கையை பிரேசர் அரசாங்கத்திடம் கையளித்தது. ஆங்கிலத்துடன் வேறு பல மொழிகளிலும் வெளியான அவ்வறிக்கையே குடிவரவாளர் வள நிலையங்கள் உருவாவதற்கு வழிவகுத்தது. சேவைகளைப் பெறுவதில் அனைவருக்கும் சம வாய்ப்பு வேண்டும், தத்தமது பண்பாட்டைப் பேணும் உரிமை அனைவருக்கும் உண்டு, சேவைகளைத் திட்டமிடும்போது அவற்றைப் பெறுவோருடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்பன அவ்வறிக்கையின் அடிப்படைக் கோட்பாடுகளில் அடங்கும். ஒரு காலத்தில் கதவைப் பூட்டுவதற்குப் பயன்பட்ட மொழி, இக்கோட்பாடுகளின் வழியே கதவைத் திறக்கும் திறவுகோலாக மாற்றப்பட்டது.

இதன் பயனை எம்மவரும் அனுபவித்து வருகின்றனர். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் 95,000 இற்கும் அதிகமானோர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். இலங்கையில் பிறந்தோர் ஏறத்தாழ 1,32,000 பேர் அங்கு வாழ்கின்றனர். தேசிய உரைபெயர்ப்புச் சேவை நாளின் 24 மணித்தியாலமும் 150 இற்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகின்றது. அவற்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலம் அறியாத தாயொருவர் வைத்தியரிடம் சென்றால் தொலைபேசியின் மறுமுனையில் தமிழறிந்த உரைபெயர்ப்பாளர் ஒருவரைப் பெறமுடியும். இதன் அருமையை, தாயின் நோயை வைத்தியருக்கு விளக்கும் பொறுப்பு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்தப்பட்ட குடும்பங்களே நன்கறியும். தாயின் மார்பில் ஏற்பட்ட கட்டியைப் பற்றியோ தந்தையின் மனச்சோர்வைப் பற்றியோ பிள்ளை மூலமாகப் பேசுவதில் உள்ள வேதனையும் ஆபத்தும் சொல்லில் அடங்காதவை.

இவ்வாறெல்லாம் சிறப்பாகப் பேசப்படும் ஏற்பாட்டினுள்ளே பாரதூரமான குறைபாடு ஒன்றும் இருப்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. குடியமர்வு உதவிக்கென மத்திய அரசு வழங்கிவந்துள்ள நிதி, பொதுவாக நிரந்தர வதிவிட உரிமை பெற்று வந்தோரின் முதல் ஐந்து ஆண்டுகளையே கருத்திற் கொண்டதாகும். அகதிகளாக வந்தோர், ஆங்கில அறிவு குறைந்த நிலையில் குடும்ப விஸாவில் வந்தோர் போன்றோருக்கு அந்நிதி முன்னுரிமை அளிக்கின்றது. ஐந்தாண்டுகளில் ஒருவர் வேரூன்றிவிடுவார் என்பதே இதற்கான எடுகோளாகும். படித்த, இளவயதுக் குடும்பம் ஒன்றைப் பொறுத்தவரை இது பொருந்தக்கூடும். ஆனால் எமது முதியோர்களின் வாழ்க்கை இந்தக் கணக்குக்கு நேர்மாறாகவே அமைந்துள்ளது.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பிள்ளைகளின் அழைப்பின்பேரில் செல்லும் பெற்றோரின் முதல் ஐந்தாண்டுகள் பேரப்பிள்ளைகளுடன் கழிந்துவிடுகின்றன. சமையல், பாடசாலைக்கு அழைத்துச் செல்லல், வீட்டைக் காத்தல் என அவர்களுக்கு ஓய்வே இருப்பதில்லை. அக்காலத்தில் அவர்கள் எந்த நிலையத்தின் உதவியையும் நாடுவதில்லை. நாடவேண்டிய தேவையும் பெரிதாக எழுவதில்லை. பேரப்பிள்ளைகள் வளர்ந்து தமிழை மறந்து தமது அறைகளுக்குள் ஒதுங்கிய பின்னர், துணைவரை இழந்த பின்னர், நடை தளர்ந்த பின்னரே தனிமை அவர்களைச் சூழ்கின்றது. காரோட்டத் தெரியாதவருக்கு அந்நாட்டின் புறநகர் வீடு சிறைக்கு ஒப்பானது. மறதி நோய் பீடிக்குமாயின் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் மறைந்து தாய்மொழி மாத்திரமே எஞ்சுவதும் உண்டு. உதவி மிகவும் தேவைப்படும் அந்த வேளையில் ஐந்தாண்டு எல்லை எப்போதோ கடந்துபோயிருக்கும்.

பொருளாதார நிலையும் இத்துடன் சேர்ந்துகொள்கின்றது. பங்களிப்புப் பெற்றோர் விஸாவுக்காக ஒருவருக்கு 40,000 டொலருக்கும் அதிகமான தொகை செலுத்தப்படுகின்றது. அவ்வாறு சென்றவரும் முதியோர் ஓய்வூதியம் பெறுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அங்கு வசித்திருக்க வேண்டும். ஆகவே, தமது கையில் பணமின்றி, பேருந்துக் கட்டணத்துக்கும் பிள்ளையிடம் கேட்கவேண்டிய நிலையில் ஊரில் தலைநிமிர்ந்து வாழ்ந்த ஓர் ஆசிரியரோ தபாலதிபரோ காணப்படுவது மிகவும் வேதனைக்குரியது. வாரம் ஒருமுறை முதியோர் கூடி உணவருந்தி, தமிழில் உரையாடி, இரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளும் ஓர் ஒன்றுகூடலை வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவோர், அது அவருக்கு அளிக்கும் சுயமரியாதையை உணராதவர்களே. முதியோர் பராமரிப்புக்கான வேறு நிதித்திட்டங்களின் கீழ் இத்தகைய ஒன்றுகூடல்கள் நடத்தப்படுகின்ற போதிலும், எந்தப் படிவம், எந்த அலுவலகம் என வழிகாட்ட ஒருவர் இல்லையெனில் முதியவர் அவற்றைச் சென்றடைவது கடினமே.

2025 நவம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம், விரும்பும் மொழியில் தொடர்புகொள்வதையும் தேவைக்கேற்ப உரைபெயர்ப்பாளரைப் பெறுவதையும் உரிமைகளாக ஏற்றுக்கொண்டுள்ளது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும். எனினும், சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையை அந்த முதியவரின் வீட்டு வாசல் வரை கொண்டுசெல்வதற்கு அயலிலுள்ள ஒரு நிலையமும் அதில் தமிழறிந்த ஓர் ஊழியரும் தேவை என்பதை மறந்துவிடலாகாது.

முதியோரை விடவும் மோசமான நிலையில் இருப்போர் படகு மூலம் சென்ற புகலிடக் கோரிக்கையாளராவர். 2012 ஆகஸ்ட் 13 ஆம் திகதிக்குப் பின்னர் கடல் வழியாக வந்தோரின் விண்ணப்பங்கள் 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் துரித நடைமுறை ஒன்றினூடாக ஆராயப்பட்டன. பெயரளவில் மாத்திரமே அது துரிதமானது. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விஸா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விஸாவுக்கான வழி திறக்கப்பட்டது. ஆனால் முன்னைய நடைமுறையில் நிராகரிக்கப்பட்ட பல ஆயிரம் பேர் அதற்கு வெளியே விடப்பட்டனர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். இடைக்கால விஸாவுடன் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு காத்திருந்த தமிழ் இளைஞர் ஒருவர் 2024 ஆகஸ்டில் மெல்பேர்ணில் தனது உயிரை மாய்த்துக்கொண்டமை எம்மை ஆழ்ந்த துயரில் ஆழ்த்திய சம்பவமாகும்.

நிரந்தர வதிவிடம் பெற்றோருக்கான நிதியைக் கொண்டு இத்தகையோருக்கு உதவுவதற்கு நிலையங்களுக்கு இடமில்லை. வேலையில்லாதோர் கொடுப்பனவின் 89 வீதத்தை மாத்திரம் வழங்கும் அவர்களுக்கான தனித் திட்டமும் 2018 ஆம் ஆண்டிலிருந்து பெரிதும் இறுக்கப்பட்டது. 2001 இல் மெல்பேர்ணில் ஆரம்பிக்கப்பட்ட புகலிடக் கோரிக்கையாளர் வள நிலையம் போன்ற, பொதுமக்களின் நன்கொடையில் தங்கியிருக்கும் அமைப்புகளே அவ்விடைவெளியை நிரப்ப முயல்கின்றன. ஒரே தெருவில் வாழும், ஒரே மொழி பேசும், ஒரே போரிலிருந்து தப்பிச் சென்ற இருவரில் ஒருவருக்குத் திறக்கும் கதவு மற்றவருக்கு மூடப்படுமாயின், அது எவ்வகையான நல்லிணக்கம் என்று கேட்பது தவறாகாது.

2024 ஜூலையில் வெளியான பன்முகக் கலாசாரக் கட்டமைப்பு மீளாய்வு அறிக்கை 29 பரிந்துரைகளை முன்வைத்தது. அவுஸ்திரேலிய அரசு அதற்கென 10 கோடி டொலரை ஒதுக்குவதாகவும் அறிவித்தது. ஆனால் தவணை முறையிலான மானியங்களை நம்பி இயங்கும் நிலையங்களில் அனுபவமுள்ள ஊழியர்கள் நிலைத்து நிற்பது கடினம். நம்பிக்கை என்பது மனிதருக்கும் மனிதருக்கும் இடையே மெல்ல மெல்ல வளர்வது. ஊழியர் மாறும்போது அது மீண்டும் ஆரம்பத்திலிருந்து கட்டியெழுப்பப்பட வேண்டியுள்ளது. ஆகவே, வந்த ஆண்டினையும் விஸாவின் இலக்கத்தையும் அளவுகோலாகக் கொள்ளாது தேவையையே அளவுகோலாகக் கொள்வதும், நீண்டகால நிதியை உறுதிப்படுத்துவதும் இன்றியமையாதவையாகும்.

அரசைக் குறைகூறுவதுடன் எமது கடமை முடிந்துவிடுவதில்லை. அவுஸ்திரேலியாவில் எமக்குப் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோயில்களும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் உள்ளன. தாயகத்து மக்களுக்கு அவை ஆற்றிவரும் உதவிகள் நன்றியுடன் நினைவுகூரத்தக்கவை. ஆயினும் ஆண்டு விழாக்களுக்குச் செலவிடப்படும் உழைப்பில் ஒரு பங்கேனும் அயலிலுள்ள தனிமைப்பட்ட முதியோரைச் சென்று பார்ப்பதற்கும், அவர்களை நிலையங்களுக்கு வாகனத்தில் அழைத்துச் செல்வதற்கும் ஒதுக்கப்படுமாயின் பெரும் மாற்றம் ஏற்படும். தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்த எமது இளைஞர்கள் முறையான உரைபெயர்ப்புத் தகுதியைப் பெறுவதும் விரும்பத்தக்கது. குடும்பத்தினுள் நிகழும் வன்முறையை வெளியே சொல்வது அவமானம் என மூடிமறைக்கும் மனப்பான்மையும் எம்மிடமிருந்து அகல வேண்டும்.

கடல் கடந்த நாடொன்றின் குறைநிறைகளை நாம் ஆராயும் வேளையில், எமது நாட்டின் நிலையும் கண்முன் வந்து நிற்பதைத் தவிர்க்க இயலாது. சிட்னியில் வாழும் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் தொலைபேசி மூலம் தமிழில் தனது குறையை எடுத்துரைக்கலாம். அவரது சகோதரி தென்னிலங்கையின் பொலிஸ் நிலையம் ஒன்றில் தனது முறைப்பாட்டைத் தமிழில் பதிவு செய்ய முடியுமா? 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் மொழியை எமது மக்களுக்கு எதிரான பூட்டாக மாற்றியது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1988 இல் 16 ஆவது திருத்தமும், 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டமும் வந்தன. பொலிஸ் நிலையங்கள் அனைத்திலும் இரு மொழி அறிந்த உத்தியோகத்தர்கள் 24 மணித்தியாலமும் கடமையில் இருக்க வேண்டுமென 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் பரிந்துரைத்தது. ஆயினும் விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடும் அவலம் எமது மக்களை விட்டு இன்னமும் முற்றாக அகலவில்லை. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதை ஒரு கருமபீடத்தில், ஓர் உத்தியோகத்தரின் வாயிலாக நடைமுறையாக்கும் மனவிருப்பத்துக்கே பஞ்சம் நிலவுகின்றது.

அவுஸ்திரேலியா எமக்குக் கற்றுத்தரும் பாடம் இரண்டு வகையானது. வேற்றுமொழி பேசும் குடிமகனின் குரலைச் செவிமடுப்பதற்கு ஓர் அரசு மனம் வைத்தால் அது சாத்தியமே என்பது ஒன்று. அவ்வாறு செவிமடுப்பதற்கும் ஆண்டுக்கணக்கில் எல்லை வகுத்தால் மிகவும் நலிந்தோரே கைவிடப்படுவர் என்பது மற்றையது. கன்பராவில் இருப்போர் இரண்டாவது பாடத்தையும், கொழும்பில் இருப்போர் முதலாவது பாடத்தையும் காலந்தாழ்த்தாது கவனத்திற் கொள்ள வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும். கருமபீடத்தின் முன்னே படிவத்துடன் நிற்கும் அந்த மூதாட்டி சிட்னியில் நின்றாலும் தென்னிலங்கையில் நின்றாலும், தனது குறையைத் தனக்கு விளங்கும் மொழியில் கூறவே காத்திருக்கின்றார்.