கவிழப் பழகுங்கள்!

பழவேற்காட்டு ஏரியைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு அதனிடம் அச்சமே தோன்றாது. ஆந்திர எல்லைக்கு அப்பாலும் நீண்டு, வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அந்த உவர்நீர்ப் பரப்பில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். ஏரியின் நடுவே மனிதர் நின்றுகொண்டு வலை வீசுவதைக் காணலாம். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றார்கள் நம் பெரியோர். ஆழம் குறைவென்று தெரிந்த இடத்திலேயே நாம் அதிகமாக ஏமாந்து போகிறோம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, விடுமுறை நாளில் உல்லாசமாகப் புறப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற படகு ஒன்று இங்கே கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு.

படகு கவிழ்வதைப்பற்றி யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? கவிழ்வதையே தினசரி அநுபவமாகக் கொண்டவர்களிடம் கேட்பதுதான் உசிதம். பாய்மரப் படகுப் பந்தயக்காரர்களே அவர்கள்.

பாயின்மீது காற்று பக்கவாட்டில் மோதும்போது படகு மறுபக்கம் சாய்கிறது. ஓட்டுபவர் தம் உடலைக் காற்று வரும் பக்கமாக வெளியே சாய்த்து அதை நிமிர்த்துகிறார். வேகத்தில் ஆசை வைத்தவர் அந்தச் சமநிலையின் விளிம்பிலேயே ஓட்டுவார். காற்று ஒரு கணம் வலுத்தால் தண்ணீரில் விழுவார். பின்காற்றில் ஓடும்போது வேறோர் அபாயம் உண்டு. காற்று பாயின் மறுபுறம் புகுந்துவிட்டால், பாயின் அடியிலுள்ள கட்டை படகின் குறுக்கே சீறிப் பாயும். தலை குனியாதவர் மண்டை உடையும். பழவேற்காடு போன்ற ஆழமற்ற நீரில் மற்றொரு சங்கடமும் சேரும்: தலைகீழாய்ப் புரண்ட படகின் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொண்டால் அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

இவ்வளவு விபத்துக்கும் இடமுள்ள விளையாட்டில் குழந்தைகளை எப்படிப் பழக்குகிறார்கள்? முதற் பாடங்களில் ஒன்று, படகை வேண்டுமென்றே கவிழ்ப்பது! கவிழ்த்து, படகைப் பற்றிக்கொண்டு, நிமிர்த்தி, மீண்டும் ஏறிக்கொள்ள வேண்டும். மிதவைச் சட்டை அணியாமல் நீரில் இறங்க அநுமதியில்லை. துணைக்கு ஒரு மீட்புப் படகு அருகிலேயே நிற்கும். சென்னையில் 1911-இல் ஆங்கிலேயர் தங்கள் பொழுதுபோக்கிற்காகத் தொடங்கிய பாய்மரப் படகுச் சங்கம் இன்று நம்மவர் கையில் இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பாரிஸிலும் ஒலிம்பிக் பந்தயத்தில் பாய் விரித்தார். கடல் நமக்குப் புதிதல்ல. கடலிலும் ஒழுங்குமுறை வேண்டும் என்பதைத்தான் நம் ஜனங்கள் இன்னும் முழுதும் ஏற்கவில்லை.

அந்த ஒழுங்கை மேல்நாட்டாரும் பெருவிலை கொடுத்தே கற்றார்கள். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் தென்முனையிலுள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குக் கடலோடும் சாதாரண மனிதர்கள். இடைவழியில் பெரும் புயல் தாக்கியது. பந்தயத்தில் சென்றவர்களில் 15 பேர் இறந்தார்கள். படகு இனித் தாங்காது என்று கருதி, 24 படகுகளை அவற்றில் இருந்தவர்கள் கைவிட்டார்கள். ஆனால் அந்த 24-இல் மூழ்கியவை ஐந்தே! மற்றவை ஆளில்லாமல் அலைமேல் மிதந்துகொண்டிருந்தன. படகைவிட்டு மிதவைத் தெப்பங்களை நம்பியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். படகு உன்னைக் கைவிடும்வரை நீ படகைக் கைவிடாதே என்ற பாடம் அன்று உறுதிப்பட்டது. அதன்பின் பந்தய விதிகளும் கடுமையாயின. கம்பியில்லாப் பேச்சுக் கருவி கட்டாயமாயிற்று. முன் அநுபவம் இல்லாதவருக்கு இடமில்லை என்றாயிற்று.

நம் நாட்டார் ஒருவரே இதற்குச் சாட்சி. 2018-இல் தன்னந்தனியாக உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில், கோவாவில் கட்டிய 'துரியா' என்னும் படகில் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி சென்றார். செப்டம்பர் 21-ஆம் தேதி தென்னிந்துப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. நடக்க முடியாத நிலையில் செய்தி அனுப்பிவிட்டுப் படகிலேயே கிடந்தார். தம் பாய்மரத்தையும் இழந்திருந்த அயர்லாந்துப் போட்டியாளர் ஒருவர், கிடைத்ததைக் கொண்டு பாய் கட்டி அவரை நோக்கி விரைந்தார். 24-ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அபிலாஷை மீட்டது. அவர் மறுமுறை அதே பந்தயத்தில் கலந்து 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார்!

பந்தயத்தில் செல்பவர், 'கவிழ்வேன்' என்று எண்ணியே ஏறுகிறார். ஆகையால் அதற்கான ஏற்பாடும் அவரிடம் இருக்கிறது. விடுமுறைக்குச் செல்லும் நாமோ, 'கவிழாது' என்று எண்ணி ஏறுகிறோம். "அரை மணி நேரந்தானே!" என்று ஆறு பேர் ஏறும் படகில் பத்துப் பேர் ஏறுகிறோம். படம் பிடிப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கிறோம். படகிலுள்ள பாரம் உயர்ந்து ஒரு பக்கம் சேர்ந்தால், காற்று இல்லாமலே கவிழ்ந்துவிடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பௌதிகம். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் இடுப்பளவு நீரும் போதும்.

எனவே, குடும்பத்துடன் நீர்நிலைக்குச் செல்லும் வாசகர்கள் படகோட்டியிடம் கட்டணம் கேட்குமுன் மிதவைச் சட்டை எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். ஆளுக்கொன்று இல்லையெனில் கரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுங்கள். முகத்துவாரத்துப் பக்கம் அலை எப்படி என்று அவ்வூர் மீனவரைக் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். ஏறியபின் உட்கார்ந்தே இருங்கள். தப்பித் தவறிக் கவிழ்ந்தால், தூரத்துக் கரையை நோக்கி நீந்தாமல், படகையே பற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு இவற்றைப் படகில் ஏறிய பின்னர் அல்ல, வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லிவையுங்கள்.