மார்க்ஸ்புர்க் கோட்டை

ஆல்ப்ஸ் மலையில் தோன்றி, ஜெர்மனி நாட்டின் மேற்குப் பகுதியை வளமுறச் செய்து, வடகடலில் கலக்கும் பேராறு ரைன். பிங்கென் நகருக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் இடையே அது மலைகளை ஊடறுத்துச் செல்கின்றது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பள்ளத்தாக்கின் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும், உயர்ந்த பாறைகளின்மேல் கோட்டைகளும் காட்சி தருகின்றன. 2002ஆம் ஆண்டில் அஃது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது.

இக்கோட்டைகள் பகைவரைத் தடுப்பதற்கு மட்டுமே எழுந்தன என்று பலர் எண்ணுவர். அது முழு உண்மையன்று. நல்ல சாலைகள் இல்லாத இடைக்காலத்தில் ஆறே வணிகப் பெருவழியாய் இருந்தது. அவ்வழியே செல்லும் படகுகளை நிறுத்திச் சுங்கம் கொள்வதே கரையோரக் குறுநில மன்னர் பலரின் நோக்கமாகும். 1245ஆம் ஆண்டில் ரைன்பெல்ஸ் கோட்டை எழுந்தது. அங்குத் தண்டப்பெற்ற சுங்கத்தைப் பொறாத ரைன் நகரங்கள் ஒன்றுகூடி, 1255ஆம் ஆண்டில் அதனை முற்றுகையிட்டன. கோட்டை பணியவில்லை. வணிகரின் முறையீடும் ஓயவில்லை.

வன்மை மிக்க அக்கோட்டைகளையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1689ஆம் ஆண்டுப் போரில் பிரெஞ்சுப் படைகள் பலவற்றை இடித்தன. ரைன்பெல்ஸ் 1797ஆம் ஆண்டில் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. பிரௌபாக் என்னும் சிற்றூரின்மேல் நிற்கும் மார்க்ஸ்புர்க்கோ, அப்பகுதியின் மலைக்கோட்டைகளுள் அழிவுக்கு ஆளாகாது நின்ற ஒன்றாகும். 1283ஆம் ஆண்டில் அதனை விலைக்குப் பெற்ற காட்செனெல்ன்போகன் குடியினர் அதனை விரிவாக்கினர். அக்குடியின் ஆண்வழி 1479ஆம் ஆண்டில் அற்றுப்போகவே, கோட்டை ஹெஸ்ஸே மன்னர் வசமாயிற்று. பிற்காலத்தில் அது சிறைச்சாலையாகவும், உறுப்பிழந்த படைவீரர் தங்கும் இல்லமாகவும் விளங்கியது. இதனைச் சிறுமை எனக் கருதுதல் வேண்டா. மாந்தர் வாழும் வீட்டின் கூரையே பழுது பார்க்கப்படும். ஆளில்லா அரண்மனையின் கூரை மழைக்குக் கரையும். எளிய பயன்பாடும் அக்கோட்டையைக் காத்தது.

1900ஆம் ஆண்டில், கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட்டின் முயற்சியால், ஜெர்மன் கோட்டைகள் சங்கம் அதனை 1,000 பொன் மார்க்கு விலைக்கு வாங்கியது. 1945ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அக்கரையிலிருந்து வந்த அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகள் அதனைச் சிதைத்தன. சிதைந்தவை பின்னர்ச் செப்பனிடப்பட்டன.

அங்கிருந்து சிறிது தொலைவில், எதிர்க்கரையில், ஸ்டோல்ட்சென்பெல்ஸ் என்னும் கோட்டை உள்ளது. 1689ஆம் ஆண்டில் பாழான அதனைப் பிரஷ்ய இளவரசர் 19ஆம் நூற்றாண்டில் அழகிய மாளிகையாக மாற்றி அமைத்தார். ‘இடிபாடாய்க் கிடப்பதினும் எழில் பெற்று நிற்பது நன்றன்றோ?’ எனச் சிலர் வினவுவர். எழில் நன்றே, அதனைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அது காட்டுவது இடைக்காலத்தையன்று. இடைக்காலத்தைப் பற்றிப் பிற்காலத்தார் கண்ட கனவையே காட்டுகின்றது. கனவை வரலாறு என மயங்குதல் தகாது.

மார்க்ஸ்புர்க்கைக் காணச் செல்வோர் தம் விருப்பம்போல் உள்ளே உலவ இயலாது. வழிகாட்டியுடனேயே செல்லல் வேண்டும். பாறையில் வெட்டிய கரடுமுரடான படிகளில் ஏறுவோர், குதிரைகளும் அவ்வழியே ஏறின என்று அறிந்து வியப்பர். ஆற்றை நோக்கிய பீரங்கிகளையும், பேரடுப்பு உடைய அடுக்களையையும், சிறிய கோயிலையும், மூலிகைத் தோட்டத்தையும் காண்பர். பழைய குதிரைக் கொட்டிலில் வைக்கப்பெற்றுள்ள தண்டனைக் கருவிகளைக் கண்டு உள்ளம் நடுங்குவர். குறுகிய சாளரமும் குளிர்ந்த சுவரும், பிரபுக்களின் வாழ்வும் இன்ப வாழ்வன்று என உணர்த்தும்.

இவையனைத்தும் காட்டப்படல் வேண்டும். வீரத்தை மட்டும் காட்டிக் கொடுமையை மறைப்பது பழமையைப் போற்றுவது ஆகாது. அடுப்பில் விறகிட்ட ஏவலரும், சுங்கம் செலுத்திய படகோட்டியும், சிறையில் வாடிய கைதியும் அக்கோட்டையின் வரலாற்றில் பங்குடையவரே. பழங்கட்டடத்தைக் காப்போர் அதற்குப் புதுப்பொலிவு ஊட்ட விரைதல் கூடாது; உள்ளது சிதையாமல் நிற்கச் செய்தலே அவர்தம் முதற்கடமை. காணச் செல்வோரும் கோபுரத்தின் உயரத்தை வியப்பதோடு அமையாது, அதனைத் தாங்கிய மக்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணுபவரே கோட்டையை உண்மையாகக் கண்டவர் ஆவர்.